குரோமாட்டிசிட்டி: தமிழில் நிறத்தன்மை

குன்னூர்ப் பக்கம் தேயிலைச் சரிவில் மேக நிழல் நகர்வதைப் பார்த்திருப்பீர்கள். பாதிச் சரிவு பளிச்சென்று இருக்கும், மீதி மங்கிக் கிடக்கும். ஆனாலும் இரண்டையும் ஒரே பச்சை என்றுதான் சொல்வோம். வெளிச்சம் ஏறி இறங்கினாலும் பெரிதாக மாறாத அந்தப் பங்குதான் குரோமாட்டிசிட்டி. (நிழலில் நீலம் கொஞ்சம் கூடும் என்பது வேறு விஷயம்.)

நிறத்தில் மூன்று கூறுகள் உண்டு. சிவப்பா பச்சையா என்பது சாயல். வெளிறியதா அழுத்தமானதா என்பது செறிவு. மூன்றாவது ஒளிர்வு, அதாவது எவ்வளவு வெளிச்சமாகத் தெரிகிறது என்பது. ஒளிர்வை எடுத்துவிட்டால் மிஞ்சுகிற இரண்டும் சேர்ந்ததே இந்தச் சொல்லின் பொருள். 1931இல் வகுத்த சர்வதேச நிற அளவீட்டு முறை இதை இரண்டே எண்களில் குறித்தது. ஒளிர்வுக்குத் தனி எண்.

வேர், கிரேக்கத்தின் 'குரோமா'. முதலில் தோலையும் தோலின் நிறத்தையும் குறித்து, அப்புறம் நிறம் என்ற பொதுப்பொருளுக்கு வந்தது. சாயத்தை நன்றாகப் பிடித்துக்கொள்வதால் குரோமோசோமுக்கும் அதே வேரில் பெயர் வைத்தார்கள். நம் 'நிறம்' என்ற சொல்லும் அப்படியே உடலோடு ஒட்டியது: பழந்தமிழில் மார்பையும் குறித்தது. அதனால் 'நிறத்தன்மை' என்பதே பொருத்தம் என்பேன். 'நிறச்செறிவு' என்று போட்டால் சாயல் விடுபட்டுப்போகும்.

வடிவமைப்பில் இது ஏன் முக்கியம்? நீலகிரித் தைலப் புட்டிக்கு லேபிள் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். இலைப் பச்சையில் சிவப்பு எழுத்து. திரையில் (0 முதல் 255 வரையிலான அளவில்) எழுத்துக்குத் தனிச் சிவப்பு 255, பின்னணிக்குத் தனிப் பச்சை 148 என்று வைத்தால் இரண்டின் ஒளிர்வும் ஏறக்குறைய ஒன்றே. நிறத்தன்மையில் எட்டாத தூரம், ஆனால் எழுத்தின் விளிம்பு கண்ணில் நிற்காமல் கூசும். கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்தே காணாமல் போகலாம். நுண்ணிய விளிம்புகளைக் கண் பெரும்பாலும் ஒளிர்வு வேறுபாட்டை வைத்தே பிடிக்கிறது. இணையதளத்தில் சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு 4.5:1 ஒளிர்வு விகிதமாவது வேண்டும் என்று விதி வைத்திருப்பதும் அதனால்தான்.

தோடர் பூத்தையலைப் பாருங்கள். வெளிர்ந்த பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்பும். படமெடுத்து நிறத்தை நீக்கினாலும் கோலம் அப்படியே தெரியும். அங்கே வடிவத்தைத் தாங்குவது ஒளிர்வு.

அதற்காக நிறத்தன்மையை மட்டும் மாற்றுவது தவறே என்றில்லை. எழுத்துக்குப் பின்னால் போடும் பூ வேலைக்கு அதுதான் சரி: ஒரே ஒளிர்வில் இளநீலம், இளம்பச்சை, வெளிர் ஊதா என்று எத்தனை பூ வைத்தாலும், மேலே உள்ள கறுப்பு எழுத்தைத் தடையில்லாமல் படிக்கலாம்.