சளியோடு வந்து கைக்குழந்தையைக் கொஞ்சாதீர்கள்

பிறந்து 45 நாள். பெயர் சூட்டு விழாவில் ஆளாளுக்கு வாங்கிக் கொஞ்சியிருக்கிறார்கள். வந்தவர்களில் இரண்டு பேருக்கு நல்ல ஜலதோஷம். சில நாளில் குழந்தை பால் குடிக்க முடியாமல், நெஞ்சு உள்வாங்க, வார்டில் ஆக்சிஜனோடு கிடந்தது. ஆர்.எஸ்.வி. என்ற, மூச்சுக்குழலைத் தாக்கும் வைரஸ். இந்த மழைக்காலத்தில் இப்படி எத்தனையோ பார்த்துவிட்டேன்.

ஏன் கொடுத்தீர்கள் என்றால் பாட்டி கேட்கிறார்: “கொரோனா காலத்துப் பிள்ளைங்க மாதிரி பொத்தி வளர்த்தா எதிர்ப்பு சக்தி எப்படி டாக்டர் வரும்?”

இந்தப் பேச்சுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. 2020 குளிர்காலத்தில் மேற்கு ஆஸ்திரேலியாவில் பள்ளிகள் திறந்திருந்தும், மற்றக் கொரோனா கட்டுப்பாடுகளால் குழந்தைகளிடம் ஆர்.எஸ்.வி. 98% குறைந்தது. சரி, ஆண்டுக் கடைசியில் அது திரும்பி வந்து வழக்கமான உச்சத்தையும் தாண்டியது உண்மைதான். அதை மட்டும் பிடித்துக்கொண்டு ‘எதிர்ப்பு சக்தி போய்விட்டது’ என்கிறார்கள். போகவில்லை. அதுவரை வைரஸையே பார்க்காத பிள்ளைகள் நிறையப் பேர் இருந்தார்கள், எல்லோருக்கும் சேர்ந்தாற்போல் வந்தது. அப்போது அவர்களில் பாதிப் பேர் ஒன்றரை வயதைத் தாண்டியிருந்தார்கள். முந்தைய ஆண்டுகளில் ஒரு வயதுகூட ஆகாதவர்களே அதிகம். தள்ளி வந்தது நல்லதுதான். 45 நாள் குழந்தையின் மூச்சுக்குழல் கொஞ்சம் வீங்கினாலே அடைத்துக்கொள்ளும். அதே வைரஸ் இரண்டு வயதில் வந்தால் பெரும்பாலும் சளி, இருமலோடு போய்விடும். சீக்கிரம் வாங்கிக்கொண்டால் ஆயுளுக்கும் பாதுகாப்பு என்றும் இல்லை, மறுபடி மறுபடி வரும்.

நான் ஊரடங்கு கேட்கவில்லை. தொடுமுன் கையைக் கழுவுங்கள். சளி இருந்தால் குணமான பிறகு வாருங்கள். முத்தம் வேண்டாம். அம்மாவுக்கே சளியா? மாஸ்க் போட்டுக்கொண்டு தாய்ப்பால் கொடுங்கள், நிறுத்தாதீர்கள். மெடிக்கலில் இருமல் சிரப் வாங்கி ஊற்றாதீர்கள். ஆன்டிபயாடிக்கும் வைரஸை ஒன்றும் செய்யாது. அப்புறம், குளிப்பாட்டியதும் மூக்கில் வாயால் ஊதுவது, எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை காட்டுவது... பாட்டிமாரே, கையெடுத்துக் கும்பிடுகிறேன், விட்டுவிடுங்கள்.

அழாமல் இருக்கும்போது முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50. அதைத் தொட்டாலோ, விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் பாதியாகக் குறைந்தாலோ, உதடு நீலமானாலோ நடுராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

அந்தக் குழந்தை நேற்று வீட்டுக்குப் போய்விட்டது. அண்ணன் எல்.கே.ஜி. படிக்கிறான். பள்ளியிலிருந்து வந்ததும் கை கழுவி, யூனிஃபார்மை மாற்றிய பிறகே தம்பியைத் தொட விடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். பாட்டி தலையாட்டினார்.