சவுக்கங்காட்டில நீங்க வாறது பாம்புக்கு எப்பிடித் தெரியுது?

யாழ்ப்பாணத்து மணற்காட்டில இருக்கிற சவுக்கங்காட்டுக்கு லீவு நாளில போய்ப் பாத்தா ஒரே சனம். கலியாண அல்பத்துக்குப் படம் எடுக்கிறவை, ரீல்ஸ் எடுக்கிற பெடியள், சாப்பாட்டுப் பாசலோட வாற குடும்பங்கள், எல்லாரும் நுவரெலியா பைன் காடு மாதிரியே இருக்கு எண்டுதான் போட்டோவுக்குக் கீழ எழுதுவினம். பாக்க அப்பிடித்தான் இருக்கும். ஆனா சவுக்கு பைன் குடும்பமே இல்ல, அது பூக்கிற மர வகை, நாங்க ஊசி இலை எண்டு நினைக்கிறது உண்மையில மெல்லிசான கொப்பு. ஒண்டைப் பிடுங்கிக் கணுவில இழுத்துப் பாருங்க, டக்கெண்டு கழரும், அந்தக் கணுவைச் சுத்திப் பல்லுப் பல்லா நிக்கிறதுதான் இலை. வேரில பிராங்கியா எண்ட பக்ரீரியா குடியிருந்து காத்தில இருக்கிற நைதரசனைப் பிடிச்சுக் குடுக்கும், அதாலதான் வெறும் கடற்கரை மணலிலயும் நெடுநெடெண்டு வளருது.

இந்தக் கொப்பெல்லாம் காய்ஞ்சு விழுந்து கெதியில உக்காது. வருசக்கணக்காச் சேந்து ஒரு தடிப்பான சருகுப் படையாக் கிடக்கும், அதுக்குள்ள வேற செடி பெரிசா முளைக்காது, அப்ப பாக்கிறவைக்கு நிலம் கூட்டி விட்ட முத்தம் போலத் தெரியும், பற்றை இல்ல எண்டா பாம்பும் இல்லத்தானே எண்டு செருப்பையும் கழட்டிப்போட்டு நடப்பினம். இஞ்சதான் பிழைக்குது. எங்கட யாழ்ப்பாணத்து மணல் பக்கங்களில இருக்கிற சுருட்டை விரியன் ஒரு அடி, கொஞ்சம் கூடப் போனா ஒண்டேகால் அடி, கபில நிறம், முதுகில வெளிறின வளைவுக் கோடுகள். அது சவுக்குச் சருகுக்க சுருண்டு கிடந்தா வடிவாப் பாத்தாலும் தெரியாது. தின்னிறதும் அந்தச் சருகுக்க ஓடித்திரியிற சாமான்களைத்தான், தேள், பல்லி, சின்னத் தவளை.

பாம்புக்குக் காது கேக்காது எண்டு கனபேர் சொல்லுவினம். அரைவாசிதான் சரி. வெளிக்காது இல்ல, செவிப்பறையும் இல்ல, ஆனா உள்காது இருக்கு. கீழ்த்தாடை எலும்போட இன்னொரு எலும்பு பொருந்தியிருக்கு, அதில இருந்து ஒரு மெல்லிய குச்சி எலும்பு நேர உள்காதுக்குப் போகுது. தாடையை நிலத்தில வச்சுக்கொண்டு கிடக்கேக்க நிலத்தில வாற அதிர்வு தாடையை ஆட்டும், தாடை அந்தக் குச்சி எலும்பை ஆட்டும், அவ்வளவுதான், உங்கட காலடி அதுக்குக் கேட்டாச்சு. காத்தில வாற தாழ்ந்த சத்தங்களும் மண்டையோட்டை அதிர வைக்கும் எண்டதால கொஞ்சம் கேக்கும். 2023இல அவுஸ்திரேலியாவில வெளிவந்த ஒரு ஆய்வில பாம்புகளை ஒரு அறைக்குள்ள விட்டு ஸ்பீக்கரில சத்தம் போட்டுப் பாத்தவை, சில இனங்கள் சத்தத்தை விட்டு விலகிப் போச்சுது, ஒரு இனம் சத்தத்துக்குக் கிட்டவே வந்துது. அப்ப சத்தம் போட்டா எல்லாப் பாம்பும் ஓடும் எண்டு பொதுவாச் சொல்லவும் ஏலாது.

இதில மணலுக்கும் ஒரு பங்கு இருக்கு. இறுகின செம்மண் ஒழுங்கையில நீங்க சப்பாத்தோட நடந்தா அந்த அதிர்வு கன தூரம் போகும். காய்ஞ்ச தளர்ந்த மணல் அதிர்வைக் கொஞ்சத் தூரத்திலயே விழுங்கிப் போடும், மேல சருகும் கிடந்து நீங்க வெறுங்காலில பைய நடந்தா இன்னும் மோசம், பாம்புக்குத் தகவல் கிடைக்கேக்க நீங்க அதுக்குப் பக்கத்தில நிப்பீங்க. பாலைவனத் தேளை வச்சு இதை வடிவா ஆராய்ஞ்சிருக்கினம். மணலுக்கு மேல அதிர்வு செக்கனுக்கு 50 மீற்றர் அளவிலதான் போகுது, கல்லோட ஒப்பிட்டா சரியான மெதுவு, அதால தேளின்ர எட்டுக் காலுக்கும் அது வந்து சேருற நேரம் துளித்துளியா வித்தியாசப்படும், அந்த வித்தியாசத்தை வச்சே இரை எந்தப் பக்கம் எண்டு தேள் திரும்பும். பாம்பு நாக்கை நீட்டுறதும் இப்பிடிப் பக்கம் பிரிச்சுப் பாக்கிற வேலைதான். நாக்கின்ர ரெண்டு நுனியும் காத்திலயும் நிலத்திலயும் இருக்கிற மணத் துணிக்கைகளை எடுத்து வாய் மேலண்ணத்தில இருக்கிற ஜேக்கப்சன் உறுப்புக்குக் குடுக்கும், எந்த நுனியில கூட ஏறியிருக்கோ அந்தப் பக்கம்தான் எலி. நாக்கால கொத்தும் எண்டு இன்னும் பயப்பிடுற ஆக்கள் இருக்கினம், நாக்கில ஒண்டுமில்ல.

சரி, நீங்க வாறது தெரிஞ்சு போச்சு, பேந்து என்ன செய்யும்? பாம்பு இனத்துக்கு இனம் இது வேற, பாம்பில எது ஆபத்து எண்டதையும் பாதிக்கு இதுதான் தீர்மானிக்குது எண்டு நான் நினைக்கிறன். சாரை ஓடும். ஆறடி ஏழடி நீளத்துக்குப் பற்றையைக் கிழிச்சுக்கொண்டு ஓடுறதைப் பாத்துச் சனம் குலை நடுங்கும், அதுக்கு விசமே இல்ல, வளவில நிண்டா எலி குறையும். நாகம் ஏலுமெண்டா விலகிப் போகும், வழி இல்லாட்டி எழும்பிப் படம் எடுக்கும், எடுத்தா நீங்க பின்வாங்கிப் போகலாம், அது உங்களைக் கலைச்சுக்கொண்டு வராது. ஆனா முத்திரைப் புடையன், அதான் கண்ணாடி விரியன், அசையாது. தன்ர நிறத்தை நம்பிக் கிடக்கும், கிட்டப் போனா பிறஷர் குக்கர் விசில் விடுறதுக்கு முன்னம் சீறுமே அப்பிடி ஒரு சீறல், அதையும் கவனிக்காட்டித்தான் கடி.

சுருட்டையும் அசையாத கூட்டம்தான், ஆனா அது மூச்சால சீறுறது குறைவு. உடம்பின்ர ரெண்டு பக்கமும் இருக்கிற செதில் வரிசைகள் சரிஞ்சு நிக்கும், ஒவ்வொரு செதிலின்ர நடு வரம்பும் வாள் பல்லுப் போல அரம் வெட்டினபடி. பாம்பு தன்னை அரைவட்டமா மடிச்சு, மடிப்புகளை எதிரெதிர்ப் பக்கமா நகத்திக்கொண்டே இருக்கும், செதில் செதிலோட உராஞ்சு சரசரவெண்டு சத்தம் வரும், தலை மட்டும் நடுவில அசையாமல் உங்களையே பாத்தபடி. மூச்சை விட்டுச் சீறினா உடம்புத் தண்ணியும் ஆவியாப் போகும், வறண்ட இடத்தில வாழுற பாம்புக்கு உராஞ்சு சத்தம் போடுறது தண்ணி மிச்சம் எண்டு விளக்கம் சொல்லுறவையும் இருக்கினம், எனக்கு அது பொருத்தமாத்தான் படுது. பகலில இதெல்லாம் அநேகமாச் சருகுக்கயோ கல்லுக்குக் கீழயோ கிடக்கும், பொழுதுபட்டாப் பிறகுதான் வெளிக்கிடும். அதால சவுக்கங்காட்டில இருட்டினாப் பிறகு நடக்கிறதெண்டா ரோச்சும் மூடின சப்பாத்தும் வேணும், தடியால தட்டுறது உதவிதான், ஆனா மணலில அதை மட்டும் நம்பேலாது. மற்றது, படம் எடுக்கிறதுக்குச் சருகைக் கையால அள்ளி மேல எறியிற பழக்கம் ஒண்டு இப்ப வந்திருக்கு, தயவு செய்து வேண்டாம்.

இந்தக் கூட்டத்தில சேராத ஒண்டு கட்டு விரியன். கறுப்பு உடம்பில மெல்லிசா வெள்ளை வளையம், பகலில பிடிச்சாக் கூடச் சுருண்டு தலையை ஒளிக்கும், இரவில வேற ஆள். ஐப்பசி கார்த்திகை மாரியில பொந்துக்குள்ள வெள்ளம் வந்தா வீட்டுக்க வரும், நிலத்தில பாய் போட்டுப் படுத்திருக்கிற ஆளுக்குக் கிட்டப் போகும், ஆள் புரள, கடி. நோகாது, வீங்காது, பல்லுத் தடம் கூடச் சில நேரம் தெரியாது. விடியப்புறம் வயித்துக்குத்து, பேந்து கண் இமை தூக்கேலாமல் வரும், சனம் சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்ல எண்டு இஞ்சியைக் குடுத்துக்கொண்டு இருக்கும். அதின்ர விசம் நரம்பு நுனியையே பழுதாக்குது, தசைக்குத் தகவல் போகாது, கடைசியா மூச்சு விடுற தசையும் நிண்டு போகும். பழுதான நுனி திரும்ப வளர நாள்க்கணக்கு எடுக்கும், பிந்திப் போனா மாற்று மருந்து, அதான் விசத்தை முறிக்கிற மருந்து, அதைத் திருப்பித் தராது, மெசினில மூச்சுக் குடுத்துக் காத்திருக்கிறதுதான் வழி. நுளம்பு வலையை விளிம்பு பாய்க்குக் கீழ செருகிப் படுத்தாலே இந்தக் கடி நல்லாக் குறையும், நேபாளத்தில செய்த ஆய்விலயும் அப்பிடித்தான் வந்துது. வளவைச் சுத்தி உள்ளித் தண்ணியும் மண்ணெண்ணெயும் தெளிக்கிற காசுக்கு ஒரு வலை வாங்கலாம்.

பேரில விரியன் இருந்தாலும் கட்டு விரியன் விரியன் குடும்பம் இல்ல, உண்மையான விரியன் குடும்பத்து விசம் வேற வழியில போகுது. புடையன் விசத்தில இருக்கிற நொதியங்கள் இரத்தத்தை உறைய வைக்கிற தொடரை நடுவில பிடிச்சுத் தட்டி விடும், உடம்பு முழுக்கச் சின்னச் சின்னதா உறைஞ்சு உறைஞ்சு உறைய வைக்கிற புரதமே முடிஞ்சு போகும், அதுக்குப் பிறகு முரசால, ஊசி குத்தின இடத்தால எல்லாம் இரத்தம் வடியும், சிறுநீரகமும் அடிபடும். இலங்கைப் புடையன் கண் இமையையும் விழுத்தும், அதால இமை விழுந்தா கட்டு விரியன்தான் எண்டு முடிவு கட்டேலாது. இதைக் கண்டுபிடிக்க ஆஸ்பத்திரியில செய்யிற சோதனை சரியான எளிமை. ரெண்டு மூண்டு மில்லிலீற்றர் இரத்தத்தைச் சுத்தமான, காய்ஞ்ச கண்ணாடிக் குழாயில விட்டு 20 நிமிசம் ஆட்டாமல் வைப்பினம், பிறகு ஒருக்காச் சரிப்பினம், கட்டியாகாமல் தண்ணியா ஓடினா விசம் ஏறியிருக்கு. பிளாஸ்ரிக் குழாய் சரிவராது, கண்ணாடிச் சுவரில பட்டாத்தான் உறையிற வேலை தொடங்கும். சுருட்டை கடிச்சாலும் இதே சோதனைதான், எங்கட சுருட்டையால ஆள் சாகிறது மிக அரிது, ஆனா இரத்தம் உறையாமல் போறது உண்டு, சின்னப் பாம்பு தானே எண்டு வீட்டில இருக்கேலாது.

2012-13இல நாடு முழுக்கச் செய்த கணக்கெடுப்பின்படி இலங்கையில வருசத்துக்கு 80,000 பாம்புக்கடி, 460 அளவில சாவு. கடிச்சா இறுக்கிக் கட்ட வேண்டாம், கீற வேண்டாம், வாயால உறிஞ்ச வேண்டாம். மோதிரம், காப்பு எல்லாத்தையும் வீங்க முன்னம் கழட்டுங்க, கடிபட்ட கையையோ காலையோ ஆட்டாமல் வச்சுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு விடுங்க, அஸ்பிரின் குடுக்காதேங்க. பாம்பை அடிச்சுக் கொண்டு போகத் தேவையில்ல, தள்ளி நிண்டு போனில ஒரு படம் எடுக்கேலுமெண்டாக் காணும். மாற்று மருந்து இந்தியாவில இருந்து வாறது, நாகம், கட்டு விரியன், புடையன், சுருட்டை நாலின்ர விசத்தையும் குதிரைக்கு ஏத்தி எடுக்கிறது, கனபேருக்கு ஒவ்வாமை வரும், அதால முதல் கொஞ்சம் அட்ரினலின் தோலுக்குக் கீழ போடுவினம், அது உதவுது எண்டு 2011இல வெளிவந்த இலங்கை ஆய்வு ஒண்டுதான் காட்டினது.

தேள்க் கதையையும் விட்டிட்டுப் போகேலாது, ஏனெண்டா யாழ்ப்பாணத்தில இந்தியச் செந்தேள் இருக்கு. பெரிய கறுத்த நட்டுவக்காலியைக் கண்டுதான் எல்லாரும் பாய்வினம், அது கொட்டினா நோவோட போகும். சின்னனா, மஞ்சள் கலந்த சிவப்பா இருக்கிறதுதான் பொல்லாதது. அதின்ர விசம் நரம்புகளின்ர சோடியம் வாசலைப் பூட்ட விடாது, அட்ரினலின் வகைச் சுரப்புகள் அளவில்லாமல் கொட்டும், வேர்வை, குளிர்ந்த கை கால், நெஞ்சு படபடப்பு, சின்னப் பிள்ளையெண்டா இதயமே களைச்சு நுரையீரலில தண்ணி கட்டும். பாம்பு மருந்து இதுக்கு வேலை செய்யாது. குடுக்கிறது பிரசோசின், பிறஷர்காரருக்கு எழுதிக் குடுக்கிற அதே மலிவான குளிசை.