கழிப்பறைக்கு யார் காசு? 1950களின் இங்கிலாந்து நகராட்சியும் பொதுச் சுகாதாரச் சட்டமும்

1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிரிட்டன் அரசு வீட்டு வசதிகள் பற்றிய கேள்விகளைப் புதிதாகச் சேர்த்தது. குழாய்த் தண்ணீர் உண்டா, பாத்திரம் கழுவ சிங்க் உண்டா, ஃப்ளஷ் கழிப்பறை உண்டா, நிலையாகப் பொருத்திய குளியல் தொட்டி உண்டா? மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான குடும்பங்களுக்குத் தொட்டி இல்லை என்று பதில் வந்தது. லங்காஷயர் பருத்தி ஆலை நகரங்களில் இது யாருக்கும் புதிய சேதி அல்ல. வரிசை வீடு, பின்னால் சின்ன முற்றம், அதன் கோடியில் கழிப்பறை, சுவரில் ஆணியடித்து மாட்டிய தகரத் தொட்டி. பெரும்பாலும் வாடகை வீடு.

அப்படிப்பட்ட வீட்டில் கூரை ஒழுகினால், சாக்கடை அடைத்துக்கொண்டால், கழிப்பறை உடைந்தால் குடியிருப்பவர் என்ன செய்யலாம்? செலவு யார் தலையில் விழும்? இரண்டு கேள்விக்கும் அடிப்படை 1936ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். 1937 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

யாரிடம் போவது?

நகராட்சி மன்றத்திடம்தான். அங்கே சுகாதாரத் துறைக்குத் தலைவர் ஒரு டாக்டர். சுகாதார அலுவலர் என்று பெயர். அவருக்குக் கீழே தெருத்தெருவாகப் போகும் சானிட்டரி இன்ஸ்பெக்டர்கள். 1956இல் ஒரு தனிச் சட்டம் போட்டு இவர்களைப் 'பொதுச் சுகாதார இன்ஸ்பெக்டர்' ஆக்கினார்கள். பெயர்தான் மாறியது, வேலை அதேதான்.

1948 ஜூலை 5இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது நகராட்சி ஆஸ்பத்திரிகள் அரசின் வட்டார வாரியங்களுக்குப் போயின. லங்காஷயரின் பர்ன்லி போன்ற கவுண்டி பரோக்கள், அதாவது கவுண்டி நிர்வாகத்துக்குக் கட்டுப்படாத நகராட்சிகள், தாய்சேய் நலம், தடுப்பூசி, வீட்டுக்கு வரும் நர்ஸ் ஆகியவற்றைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. பக்கத்து ஆக்ரிங்டன் மாதிரி சாதாரண பரோக்களில் இந்தப் பணிகள் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. ஆனால் சாக்கடை, குப்பை, கழிப்பறை, ஈர வீடு ஆகியவை இரண்டு வகை நகராட்சியிலும் நகராட்சி வேலையாகவே நீடித்தன.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும்?

சட்டத்தின் 92ஆம் பிரிவு எவையெல்லாம் 'தொல்லை' என்று பட்டியல் போட்டது. உடல்நலத்துக்குக் கேடான நிலையில் இருக்கும் கட்டடம், மோசமாக வளர்க்கப்படும் விலங்குகள், குவித்துவைத்த கழிவு, தொழிலால் எழும் தூசியும் நாற்றமும் அதில் வரும். ஒழுகும் கூரையும் ஈரம் ஏறிய சுவரும் முதல் வகையில் அடங்கும்.

புகார் வந்ததும் இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். வீட்டுக்குள் உரிமையோடு நுழைய வேண்டுமென்றால் 24 மணி நேரம் முன்னதாகக் குடியிருப்பவருக்கு அறிவிப்புத் தர வேண்டும். குறை இருந்தால் வழக்கமாக முதலில் வீட்டுக்காரருக்கு ஒரு சாதாரணக் கடிதம் போகும். பெரும்பாலான விவகாரம் இதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் 93ஆம் பிரிவின்படி சட்டபூர்வ நோட்டீஸ். அதையும் மதிக்காவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். கோர்ட் பழுதைச் சரிசெய்ய உத்தரவிடலாம். அந்த வீட்டில் ஆள் குடியிருக்கவே கூடாது என்றும் சொல்லலாம். கட்டடத்தின் அமைப்பிலேயே உள்ள பழுதானால் நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும், குடியிருப்பவருக்கு அல்ல.

அப்புறம் பலர் கவனிக்காத 99ஆம் பிரிவு ஒன்று இருந்தது. நகராட்சி அசையவில்லை என்றால், பாதிக்கப்பட்டவர் தாமே நேராக மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். இந்தப் பிரிவைப் பிறகு பார்ப்போம்.

இந்த நடைமுறையின் பெரிய குறை வேகம். அடைத்த சாக்கடைக்குக்கூட நோட்டீஸ், கெடு என்று நாள் ஓடும். 1961இல் வந்த திருத்தச் சட்டம்தான், அடைப்பை 48 மணி நேரத்தில் எடு, இல்லாவிட்டால் நகராட்சியே எடுத்துவிட்டுச் செலவை உன்னிடம் வசூலிக்கும் என்று சொன்னது. 25 ஆண்டு தாமதம்.

(நம் ஊர்த் தொடர்பு ஒன்று: சென்னை மாகாணத்தின் பொதுச் சுகாதாரச் சட்டம் 1939இல், அதாவது மூன்றே ஆண்டு கழித்து வந்தது. தொல்லையை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கும் ஏற்பாடு அதிலும் இருக்கிறது.)

கழிப்பறையை மாற்ற

பர்ன்லிப் பக்கத்து முற்றங்களில் ஒரு விசித்திரமான கழிப்பறை இருந்தது. சமையலறை சிங்கில் கொட்டும் அழுக்குத் தண்ணீர் நிலத்தடியில் ஒரு வாளியில் சேரும். வாளி நிறைந்ததும் தானாகக் கவிழ்ந்து கழிவை அடித்துக்கொண்டு போகும். 'டிப்ளர்' என்பார்கள். பர்ன்லியின் டக்கெட் கம்பெனி செய்து விற்றது. தண்ணீர்ச் செலவே இல்லை என்பதால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதற்கு ஏக வரவேற்பு. ஆழமான குழாய், உட்கார்ந்திருக்கும்போது திடீரென்று கீழே கேட்கும் இரைச்சல். குழந்தைகள் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

1936 சட்டம் இதைத் தண்ணீர்க் கழிப்பறை என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சுத்தமான தண்ணீரால் கழுவப்படுவதுதான் தண்ணீர்க் கழிப்பறை என்பது அதன் வரையறை. டிப்ளரும், வாளிக் கழிப்பறையும், சாம்பல் கொட்டும் கழிப்பறையும் வெளியே நின்றன. சாக்கடையும் குழாய்த் தண்ணீரும் போதுமான அளவு உள்ள இடத்தில், இவற்றை மாற்றச் சொல்லி 47ஆம் பிரிவின்படி நகராட்சி உத்தரவிடலாம். அப்படி உத்தரவிட்டால் நியாயமான செலவில் பாதியை நகராட்சியே ஏற்க வேண்டும். வீட்டுக்காரர் தானாக முன்வந்து மாற்றினாலும் பாதி வரை தரலாம். ஆனால் அது நகராட்சியின் விருப்பம்.

ஒரு நுணுக்கம்: இந்தப் பாதி, பழைய கழிப்பறை உருப்படியாக இருந்தால்தான். உடைந்து கிடந்தால் அது வீட்டுக்காரரின் கடமை தவறிய கணக்கு, முழுச் செலவும் அவருடையது.

1959: கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும்

1949 வீட்டுவசதிச் சட்டம் பழைய வீடுகளை மேம்படுத்தப் பாதிச் செலவு வரை மானியம் தர நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. தரலாம், தராமலும் இருக்கலாம். பல ஊர்களில் தரவில்லை.

1959இல் ஒரு சட்டம் கொண்டுவந்த 'ஸ்டாண்டர்ட் கிராண்ட்' என்ற மானியம் இதை மாற்றியது. நிபந்தனைகள் சரியாக இருந்தால் நகராட்சி மறுக்க முடியாது. ஐந்து வசதிகளுக்கு, செலவில் பாதி, உச்சவரம்போடு: குளியல் தொட்டி அல்லது ஷவருக்கு 25 பவுண்டு, வாஷ்பேசினுக்கு 5, வெந்நீர் ஏற்பாட்டுக்கு 75, வீட்டுக்குள்ளோ ஒட்டியோ உள்ள கழிப்பறைக்கு 40, உணவு வைக்கும் காற்றோட்டமான அலமாரிக்கு 10. ஆக 155 பவுண்டு. ஏற்கெனவே இருப்பதற்குக் காசு கிடையாது. ஆனால் வேலை முடியும்போது ஐந்தும் வீட்டில் இருந்தாக வேண்டும். வேலை தொடங்குவதற்கு முன்பே விண்ணப்பிக்கவும் வேண்டும்.

விண்ணப்பிக்கக்கூடியவர் வீட்டுக்காரர், அல்லது நீண்ட காலக் குத்தகை உள்ளவர். வார வாடகைக்காரருக்கு இடமில்லை. முற்றத்துக் கழிப்பறைக்கு மழையில் ஓடுபவர் அவர், படிவத்தில் கையெழுத்துப் போடக்கூடியவரோ வேறொருவர். இது இந்தத் திட்டத்தின் பெரிய ஓட்டை என்றுதான் சொல்வேன். வீட்டுக்காரர்கள் பக்கமும் ஒன்று உண்டு: 1915 முதல் வாடகைக் கட்டுப்பாடு ஏதாவது ஒரு வடிவில் தொடர்ந்ததால், சில ஷில்லிங் வார வாடகையில் வெந்நீர்க் குழாய் போடச் சொன்னால் கசக்கத்தான் செய்யும். தன் பங்குக்குச் செலவழித்ததில் ஆண்டுக்கு 12.5 சதவீதம் வாடகையில் ஏற்றிக்கொள்ளலாம் என்று 1959 சட்டம் ஆசை காட்டியது. அதற்கும் எல்லோரும் மசியவில்லை. சொந்த வீட்டில் குடியிருந்தவர்கள்தான் திட்டத்தை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

இடிக்கப்போகும் வீடு என்றால்?

மானியத்துக்கு இன்னொரு நிபந்தனை, வீடு குறைந்தது 15 ஆண்டு நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும். 1950களின் நடுவில் குடிசைப்பகுதி ஒழிப்பு மறுபடி வேகம் பிடித்திருந்தது. சுகாதார அலுவலர் ஒரு தெருவையே மனிதர் வாழத் தகுதியற்றது என்று அறிக்கை கொடுத்தால் நகராட்சி அதை வாங்கி இடிக்கலாம். பட்டியலில் தெரு வந்துவிட்டால் மானியம் கிடையாது. ஆனால் இடிப்பதும் உடனே நடக்காது. புது வீடு கட்டி முடிய வேண்டுமே. அதுவரை நகராட்சியே வீட்டுக்காரராகி வாடகை வாங்கும். கூரை ஒழுகும்.

இந்த இடத்தில்தான் 99ஆம் பிரிவு கைகொடுத்தது. சால்ஃபோர்டில் நகராட்சி வாங்கி, இடிப்பைத் தள்ளிப்போட்டு வாடகைக்கு விட்டிருந்த வீட்டில் குடியிருந்த ஒரு பெண், நகராட்சி மீதே மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுத்தார். வீட்டுவசதிச் சட்டத்தின் கீழ் இடிப்பைத் தள்ளிவைத்திருக்கிறோம், அதனால் சுகாதாரச் சட்டம் இங்கே பொருந்தாது என்று நகராட்சி வாதாடியது. வழக்கு, அப்போது நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போனது. இரண்டு சட்டமும் வேறு வேறு, நாளைக்கு இடிக்கப்போகும் வீடானாலும் இன்று அதில் ஆள் இருந்தால் அது உடல்நலத்துக்குக் கேடாக இருக்கக் கூடாது என்று 1975இல் தீர்ப்பு வந்தது. நகராட்சி தோற்றது.