18,355 யார்டு ஓடியவர் ஏன் முதலிடத்தில் இல்லை?

அமெரிக்கன் ஃபுட்பாலில் ரன்னிங் பேக்கின் வேலை, ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கிடமிருந்து பந்தை வாங்கி, எதிரணிக் கூட்டத்துக்குள் வழி கண்டுபிடித்து ஓடுவது. நான்கு முயற்சிக்குள் 10 யார்டு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும் (ஒரு யார்டு ஏறத்தாழ 91 செ.மீ.). என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறை லீக்கில் இப்படி அதிக தூரம் ஓடியவர் எம்மிட் ஸ்மித்: 1990 முதல் 2004 வரை 18,355 யார்டு. ஆனாலும் ஜிம் பிரவுன், பாரி சான்டர்ஸ், வால்டர் பேட்டன் மூவருக்கும் பின்னால்தான் பலர் அவரை வைக்கிறார்கள். ரசிகர்களின் ஓரவஞ்சனை போலத் தெரியும். எண்களைப் பிரித்துப் பார்த்தால் அப்படி இல்லை.

மொத்த யார்டு என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: எத்தனை முறை பந்து கிடைத்தது, ஒவ்வொரு முறையும் எவ்வளவு ஓடினார். ஸ்மித்துக்கு 4,409 முறை, பேட்டனுக்கு 3,838, சான்டர்ஸுக்கு 3,062, பிரவுனுக்கு வெறும் 2,359. கிரிக்கெட்டில் மொத்த ரன்னை மட்டும் வைத்துத் தேடினால் பிராட்மன் எங்கோ கீழே இருப்பார், சிக்கல் அதேதான்.

ஆகவே வேறு விதமாகக் கேட்போம். அதே வாய்ப்புகள் ஒரு சராசரி ஓட்டக்காரருக்குக் கிடைத்திருந்தால்? ஓட்டத்துக்கு 4 யார்டு என வைத்துக்கொள்வோம். அந்தக் காலங்களின் லீக் சராசரி அதையொட்டித்தான் இருந்தது. ஸ்மித்தின் 4,409 வாய்ப்புக்குச் சராசரி ஆள் 17,636 யார்டு எடுத்திருப்பார். ஸ்மித் கூடுதலாகக் கொடுத்தது 719. பேட்டன் (16,726 யார்டு) கொடுத்தது 1,374. பிரவுன் (12,312) 2,876. சான்டர்ஸ் (15,269) 3,021.

இந்த முறையில் ஒரு பொறி உண்டு. ஒப்பீட்டுக்கு எடுக்கும் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினாலே படம் மாறிவிடும். சராசரி ஆட்டக்காரர்கள் ஒன்றும் தெருவில் கிடப்பதில்லை. ஸ்மித் காயம்பட்டால் உள்ளே வரும் மாற்று ஆள் 3.5 யார்டுதான் ஓடுவார் என்று எடுத்தால் ஸ்மித்தின் உபரி சுமார் 2,920 ஆகிறது, பிரவுனுடையது 4,055. நான்கு மடங்கு இடைவெளி ஒன்றரை மடங்குக்கும் கீழே சுருங்கிவிட்டது. 15 ஆண்டு களத்தில் நிற்பதும் ஒரு திறமைதான் என்று வாதிடுபவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, இந்தக் கீழ்க்கோட்டைத்தான் பிடிக்கிறார்கள்.

காலத்தைச் சரிசெய்வது இதைவிடச் சுலபம். பருவத்துக்கு 1960 வரை 12 ஆட்டம், 1961 முதல் 14, 1978 முதல் 16, 2021 முதல் 17. ஒரே பருவத்துக்கான சாதனை இன்றும் எரிக் டிக்கர்சனின் 2,105 யார்டு (1984, 16 ஆட்டம்). ஓ.ஜே. சிம்ப்சன் 1973-இல் 2,003 யார்டை 14 ஆட்டத்திலேயே எடுத்தார், ஆட்டத்துக்கு 143. டிக்கர்சனுக்கு 131.6. பிரவுன் 1963-இல் எடுத்த 1,863-உம் 14 ஆட்டத்தில்தான். அந்த ஆண்டு என்எஃப்எல்லில் அவருக்கு அடுத்து வந்த ஜிம் டெய்லர் 1,018 யார்டு. முதலாமவருக்கும் இரண்டாமவருக்கும் 845 யார்டு வித்தியாசம்! விளையாடிய 9 பருவங்களில் 8-இல் பிரவுன்தான் முதலிடம். அன்று லீக்கில் 14 அணிகளே இருந்தன, போட்டி குறைவு என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் டெய்லரும் அதே லீக்கில்தான் ஓடினார்.

உண்மையான தலைவலி, ஓடியவரையும் அவருக்கு வழி திறந்தவர்களையும் பிரிப்பது. முன்வரிசையில் ஐந்து பேர் எதிரிகளைத் தள்ளிப் பிடிக்கிறார்கள். பல ஓட்டங்களில் முதல் மூன்று யார்டு அவர்கள் போட்ட பிச்சை. ஸ்மித்துக்கு முன்னால் லாரி ஆலன் போன்ற மலைகள் நின்றன என்பதால் அவர் மதிப்பைக் குறைப்பார்கள். 1993-இல் சம்பளத் தகராறில் அவர் முதல் இரண்டு ஆட்டங்களுக்கு வரவில்லை. அவருடைய அணியான டல்லஸ் இரண்டிலும் தோற்றது, அவர் திரும்பிய பிறகு லீக்கின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலையே வென்றது. முன்வரிசை மட்டும் போதாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். இரண்டு ஆட்டத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. மறுபுறம், டெட்ராய்ட் அணியில் சான்டர்ஸுக்கு உருப்படியான முன்வரிசையே இல்லை என்பதும் மிகை. முன்வரிசை வீரர் லோமஸ் பிரவுன் அங்கே பல ஆண்டு நட்சத்திரமாக இருந்தவர்.

இன்று இதற்குக் கருவி இருக்கிறது. ஒவ்வொரு வீரரின் தோள்கவசத்திலும் உள்ள ரேடியோ சில்லு, அவர் நிற்கும் இடத்தை நொடிக்கு 10 முறை பதிவுசெய்கிறது. குவாட்டர்பேக்கிடமிருந்து பந்து ஓட்டக்காரரின் கைக்கு வரும் கணத்தில் 22 பேரும் எங்கே, எந்தத் திசையில், என்ன வேகத்தில் இருக்கிறார்கள் என்பதைக் கொண்டு, அந்த நிலைமையில் எத்தனை யார்டு எதிர்பார்க்கலாம் என்று கணினி மாதிரி சொல்லும். ஓடிய தூரத்திலிருந்து அதைக் கழித்தால் கிடைப்பது பெரும்பாலும் அந்த ஓட்டக்காரரின் பங்கு. ஆனால் சில்லு வந்தது 2010-களில். பேட்டனுக்கும் பிரவுனுக்கும் இந்தக் கணக்கைப் போடவே வழியில்லை.

சராசரியும் ஏமாற்றும். ஒன்பது ஓட்டத்தில் ஒவ்வொரு யார்டு, பத்தாவதில் 41 என்றால் சராசரி 5. ஆனால் அந்த ஒன்பதில் பெரும்பாலானவை அணியை நட்டாற்றில் விட்டிருக்கும். அதனால் வெற்றி விகிதமும் பார்ப்பார்கள்: முதல் முயற்சியில் தேவையான தூரத்தில் 40 சதவீதம், இரண்டாவதில் மீதியில் 60 சதவீதம், அதன்பின் முழுவதும் எடுத்தால் வெற்றி. சான்டர்ஸின் பலவீனம் இங்கேதான். பெரிய ஓட்டத்தைத் தேடிப் பின்வாங்கி, அடிக்கடி பின்னாலேயே பிடிபடுவார். ஸ்மித் அழகில்லாமல் மூன்று, நான்கு என்று சேர்த்துக்கொண்டே போவார்.

எறிந்த பந்தைப் பிடித்து முன்னேறுவது தனிக் கணக்கு. மார்ஷல் ஃபால்க் ஓடி 12,279 யார்டு, பிடித்து 6,875. ஓட்டப் பட்டியலில் மட்டும் தேடினால் அவருடைய மதிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும்.

எங்கள் வரிசை: பிரவுன், சான்டர்ஸ், பேட்டன், ஸ்மித், ஃபால்க். பேட்டனையும் சான்டர்ஸையும் இடம் மாற்றினால் சண்டைக்கு வர மாட்டோம். பட்டியலில் எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்பது கேல் சேயர்ஸும் டெரல் டேவிஸும்தான். ஒருவர் 68 ஆட்டம், இன்னொருவர் 78. இருவரையும் முழங்கால்தான் வீழ்த்தியது, இருவருமே புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். ஆனால் ஓட்டத்தில் ஒரு பருவம்கூட லீக்கின் முதலிடம் பிடிக்காத ஃபிராங்க் கோர் 241 ஆட்டம் ஆடி, சரியாக 16,000 யார்டுடன் மொத்தப் பட்டியலில் மூன்றாவதாக நிற்கிறார்.