சிறுநீரகச் செல்களும் சேர்ந்து கிளப்பும் அழற்சி

லூபஸ் என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உடலையே தாக்கும் நோய். அது வந்தவர்களுக்குச் சிறுநீரகம் கெடும்போது, ரத்தத்திலிருந்து வரும் எதிர்ப்புச் செல்கள் அதைத் தாக்குகின்றன என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள். தப்பில்லை, ஆனால் அது பாதிக் கதை. அந்தச் செல்களை வரவழைப்பதில் சிறுநீரகத்தின் சொந்தச் செல்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

தொடக்கம் ரத்தத்தில்தான். லூபஸில் உடல் தன் டிஎன்ஏவுக்கு எதிராகவே ஆன்டிபாடிகளை (எதிர்ப்புப் புரதங்களை) தயாரிக்கிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் கிளாமருலஸ் என்ற நுண்வடிகட்டிகள் சுமார் 10 லட்சம் இருக்கின்றன. இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து நாளுக்கு 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டுகின்றன. அந்த வடிகட்டிகளில்தான் ஆன்டிபாடிக் கூட்டுகள் படிகின்றன. சிறுநீரகத்திலிருந்து எடுத்த பயாப்ஸித் துண்டில் ஒளிரும் சாயம் ஏற்றிப் பார்த்தால் ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்ற மூன்று வகை ஆன்டிபாடிகளும், அவற்றுக்குத் துணைபோகும் சி3, சி1க்யூ என்ற புரதங்களும் என ஐந்தும் பச்சையாக மின்னுவது உண்டு. ஐந்தும் ஒன்றாகத் தெரிந்தால் லூபஸ் என்ற சந்தேகம் வலுக்கும்.

சரி, படிந்த பிறகு என்ன நடக்கிறது? படிவுகள் எதிர்ப்புச் செல்களைத் தூண்ட, அவை டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-17 போன்ற சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன. அவற்றைப் பிடிக்கும் ஏற்பிகள் சிறுநீரகச் செல்களின் மேல் இருக்கின்றன. சமிக்ஞை உள்ளே போனதும் விழித்துக்கொள்வது என்எஃப்-கப்பா-பி என்ற புரதம். ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் 1986இல் இதை முதலில் பி செல்களில் (ஆன்டிபாடி தயாரிக்கும் எதிர்ப்புச் செல் வகை) கண்டார்கள். அப்புறம்தான் உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருப்பது தெரிந்தது. சாதாரண நேரத்தில் ஐகப்பா-பி என்ற இன்னொரு புரதம் இதை உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். சமிக்ஞை வந்தால் அந்தப் பிடி சில நிமிடங்களில் உடைக்கப்படுகிறது. விடுபட்ட புரதம் உட்கருவுக்குள் போய் அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. அவற்றில் ஒன்று தயாரிக்கும் புரதம் எம்சிபி-1. மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்களை ரத்தத்திலிருந்து இழுத்து வருவது இதுதான். லூபஸ் சிறுநீரக அழற்சி உள்ளவர்களின் சிறுநீரிலேயே இதன் அளவு கூடியிருக்கும்.

இதில் என்னை மிகவும் வியக்க வைப்பது, என்எஃப்-கப்பா-பி இயக்கும் மரபணுக்களில் ஐகப்பா-பியின் மரபணுவும் ஒன்று என்பது. தன்னை அடக்கும் புரதத்தைத் தானே தயாரிக்கச் சொல்கிறது! தொற்று வந்து போனால் இந்த பிரேக் போதும். லூபஸில் படிவுகள் போவதில்லை, சமிக்ஞையும் ஓய்வதில்லை. புதிதாக வரும் ஐகப்பா-பியும் உடைந்துகொண்டே இருக்கிறது. வந்து சேர்ந்த மோனோசைட்டுகள் மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்களாக மாறி மேலும் டிஎன்எஃப் சுரக்க, சிறுநீரகச் செல்கள் மறுபடி தூண்டப்படுகின்றன.

இந்தச் சுழற்சியில் பெரிய இழப்பு போடோசைட்டுகளுக்கு. வடிகட்டியின் வெளிப்புறத்தைக் கால்களால் கவ்வி நிற்கும் இந்தச் செல்கள் எளிதில் பிரிந்து பெருகாதவை. அவை உதிர்ந்தால் புரதம் சிறுநீரில் கசிகிறது, சிறுநீர் நுரைக்கிறது.

ஸ்டீராய்டு வேலை செய்வதற்கு, அது என்எஃப்-கப்பா-பியை அடக்குவதும் ஒரு காரணம். 2021 ஜனவரியில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற வோக்ளோஸ்போரின் என்ற மருந்து, டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்களைக் கட்டுப்படுத்துகிறது. அதோடு போடோசைட்டின் உள்சட்டகத்தையும் இந்த வகை மருந்துகள் நிலைப்படுத்துகின்றன. எதிர்ப்புச் செல்களை மட்டும் அடக்காமல் சிறுநீரகச் செல்லையும் காப்பாற்றும் இந்தப் பாதையில்தான் எனக்கு நம்பிக்கை. இவ்வளவு நடந்தும் நோயாளிக்கு வலி இல்லாமல் இருக்கலாம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின்கூட இயல்பாக இருக்கலாம். அதனால்தான் லூபஸ் உள்ளவர்களுக்கு, தொந்தரவு ஏதும் இல்லாதபோதும், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று மருத்துவர்கள் தவறாமல் பார்க்கச் சொல்கிறார்கள்.