வேடம் ஒன்று, கேட்பவர்கள் வகுப்பு முழுக்க

நடிப்புப் படிக்கும் கல்லூரிப் பெண்கள் என்னிடம் மனநல ஆலோசனைக்கு வரும்போது யாரும் போட்டி என்று பேச்சைத் தொடங்குவதில்லை. தூக்கம் வரவில்லை, ஹாஸ்டல் ரூம் மாற வேண்டும், மேடையேறினால் தொண்டை அடைக்கிறது என்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலும் முதல் வருடத்தில் உயிராக இருந்த தோழியின் பெயர்.

இதைப் "பொம்பளைங்களுக்குள்ள பொறாமை சகஜம்" என்று தள்ளிவிடுபவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆண்டு விழா நாடகத்தில் ஆண் வேடம் எட்டு இருந்தால் பெண் வேடம் இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதிலும் சொல்லிக்கொள்ளும்படி ஒன்று தேறினால் அதிகம். பையன்களை இந்தக் கணக்கில் நிறுத்தினால் அவர்களும் முறைத்துக்கொள்வார்கள்.

எடிட்டிங் படிக்கும் பெண்ணிடம் "இந்த கட் சரியில்லை" என்றால் அது வேலையைப் பற்றிய பேச்சு. நடிப்பு மாணவியிடம் "இந்த ரோலுக்கு நீ வேண்டாம்" என்றால் முகம், நிறம், உயரம், குரல் எல்லாமே வேண்டாம் என்று அவளுக்குக் கேட்கிறது. காரணத்தை யாரும் சொல்லாததால் அவளே ஒன்றைத் தேடிக்கொள்கிறாள். அவள் சிவப்பு, நான் கறுப்பு. அவளுக்கு இன்ஸ்டாவில் ஃபாலோயர்ஸ் அதிகம். அப்புறம் இரவுச் சாப்பாடு நிற்கும். சாப்பாடு குறைந்தால் மாதவிலக்கும் தவறலாம் என்பதால், அப்படி வருபவர்களிடம் அது ஒழுங்காக வருகிறதா என்றும் கேட்பேன். மூன்று மாதம் வரவில்லை என்றால் நேராக மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன்.

ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். புனே திரைப்படக் கல்லூரியில் ஜெயா பாதுரி நடித்த மாணவர் படத்தைப் பார்த்துத்தான் அங்கே சேர ஆசைப்பட்டதாக இந்தி நடிகை ஷபானா ஆஸ்மி சொல்லியிருக்கிறார். இன்னொருத்தியின் நடிப்பைப் பார்த்து ஏங்குவது இந்தத் தொழிலில் படிப்பின் ஒரு பகுதி.

நான் பயப்படுவது ரகசியத்துக்கு. மாணவி ஒருத்திக்கு வாட்ஸ்அப்பில் ஆடிஷன் அழைப்பு வந்தது. அறைத்தோழிக்குச் சொன்னால் அவளும் கிளம்பிவிடுவாள் என்று மூச்சுவிடவில்லை. பதிவுக் கட்டணம் கட்டினாள். 'லுக் டெஸ்ட்' என்று ஒரு மாதிரியான படங்கள் கேட்டார்கள், அனுப்பினாள். அடுத்தது மிரட்டல். விஷயம் வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, அதே எண்ணிலிருந்து அறைத்தோழிக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அவளும் ஒளித்து வைத்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேருக்குமே சந்தேகம் வந்திருக்கும். "நீ மட்டும் வா, யாரிடமும் சொல்லாதே" என்பவனுக்கு இந்தப் போட்டி நன்றாகத் தெரியும்.

பெரிய இடத்திலும் இதுதான். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரள அரசு 2017-இல் அமைத்த ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானது. வாய்ப்பு போய்விடும் என்ற பயத்தில் நடிகைகள் வாய்மூடி இருந்ததை அது விரிவாகவே சொல்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாடகம் இரண்டு நாள் நடக்கிறது என்றால் முக்கிய வேடத்தை ஆளுக்கு ஒரு நாள் கொடுங்கள். ஒருத்தியைத்தான் எடுக்க முடியும் என்றால் மற்றவர்களுக்குக் காரணத்தை நேரில் சொல்லுங்கள். "பார்க்கலாம்மா" என்று நழுவாதீர்கள்.

மாணவிகளுக்கு: எந்த அழைப்பு வந்தாலும் வகுப்புக் குழுவில் போடுங்கள். ஆடிஷனுக்குப் பணம் கேட்டால் போகாதீர்கள். பணம் போய்விட்டதா, உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-ஐ அழையுங்கள். கல்லூரிக்குள் யாராவது அத்துமீறினால் உள்ளகப் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட புகார் என்றால் அந்தக் குழுவில் மாணவப் பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்கிறது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2015-ஆம் ஆண்டு விதி. உங்கள் கல்லூரியில் அவர்கள் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். மனசு தாங்கவில்லை என்றால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம், நடு இரவிலும் எடுப்பார்கள்.