நத்தை ஓட்டை நம்பித் தேதி குறிக்காதீர்கள்

இந்த வருஷத்தில் இது மூன்றாவது. ஓர் ஏரியின் அடிச்சேற்றை வைத்து எழுதிய ஆய்வறிக்கை, கருத்துக் கேட்டு என் மேசைக்கு வந்தது. மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலான கோர். (ஏரியடியில் குழாயை இறக்கி எடுக்கும் சேற்றுத் தூணை நாங்கள் கோர் என்றுதான் சொல்வோம்.) மகரந்தம் எண்ணியிருக்கிறார்கள், டயாட்டம் (கண்ணாடிபோன்ற ஓடுள்ள நுண்பாசி) எண்ணியிருக்கிறார்கள், தனிமங்களை மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்திருக்கிறார்கள். ஆனால் மொத்தக் கோருக்கும் இரண்டே இரண்டு தேதிகள். இரண்டும் நத்தை ஓட்டிலிருந்து. ஏரியோ சுண்ணாம்புப் பாறை மேல் இருக்கிறது. அந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு. அதில் ஓரிடத்தில் மர மகரந்தம் குறைகிறது. உடனே, 4,200 ஆண்டுகளுக்கு முந்தைய பெரும் வறட்சி இங்கும் பதிவாகியிருக்கிறது என்ற முடிவு.

எழுதியவர் இளம் ஆய்வாளர். மாதக்கணக்கில் நுண்ணோக்கி முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்பது அட்டவணைகளைப் பார்த்தாலே தெரிகிறது. அவ்வளவு உழைப்பும் தப்பான தேதி மேல் நிற்கிறதே என்பதுதான் என் வருத்தம்.

ஏரிச் சேற்றிலிருந்து பழைய பருவநிலையை எப்படிப் படிக்கிறோம் என்று இங்கே விளக்கப் போவதில்லை. மகரந்தம் சுற்றிலும் இருந்த செடிகொடிகளைச் சொல்லும், டயாட்டம் தண்ணீரின் தன்மையைச் சொல்லும், கைரோனமிட் என்ற கொசு போன்ற பூச்சியின் புழுக்களுடைய தலை ஓடுகள் கோடை வெப்பத்தைச் சொல்லும். என்ன நடந்தது என்பதற்கு இவை பதில் தரும். எப்போது என்பதற்கு இவற்றில் ஒன்றுகூடப் பதில் தராது.

ஆழத்தைப் பார்த்தே வயதைச் சொல்லிவிடலாம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. மீட்டருக்கு இத்தனை வருஷம் என்று கணக்குப் போட்டுவிட்டு, சரிபார்த்துக்கொள்ள மட்டும் என்னிடம் வருகிறவர்கள் உண்டு. கோரின் மேல்முனையைக் கையால் தொட்டவர்கள் அப்படிக் கணக்குப் போட மாட்டார்கள். அங்கே பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான். குழாயை அசைத்தால் ஆடும். கீழே போகப் போக மேலுள்ள பாரம் அழுத்தி அந்தத் தண்ணீர் பிழிந்து வெளியேறிவிடும். மேலே பத்து சென்டிமீட்டர் சில வருஷம் என்றால், கீழே அதே பத்து சென்டிமீட்டர் பல பத்தாண்டுகளாக இருக்கலாம். இது போக, ஒரே ஒரு வெள்ளம் ஒரே ராத்திரியில் நாலு விரல் கனத்துக்கு மண்ணைக் கொட்டிவிட்டுப் போகும். கரையோரச் சேறு சரிந்து நடு ஏரிக்கு வந்து உட்காரும். அடியில் வாழும் புழுக்கள் எல்லாவற்றையும் கிளறிவிடும். இவை எல்லாவற்றையும்விட மோசம் வறட்சிக் காலம். ஏரி வற்றினால் படிவு நின்றுபோகும், காய்ந்த தரையைக் காற்று அரித்துக்கொண்டும் போகும். ஆக, நாம் தேடுகிற மிகக் கடுமையான வறட்சி பல கோர்களில் ஓர் அடுக்காகவே இருக்காது. அங்கே சில நூற்றாண்டுகள் காணாமல் போயிருக்கும். அந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் தனித்தனியாகத் தேதி எடுக்காமல் கோடு போட்டால், இல்லாத நூற்றாண்டுகளை இருக்கிற சேற்றுக்குப் பங்குபோட்டுக் கொடுத்துவிடுகிறோம்.

அடுக்குகளை மரத்தின் வளையம்போல எண்ணிவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். சில ஏரிகளில் எண்ணலாம். சுவீடனில் பழைய பனியாற்று ஏரிகளின் களிமண் அடுக்குகளை நிலவியலாளர் கெரார்ட் டி யேர் அப்படித்தான் எண்ணினார். ஆனால் அதற்குப் பருவந்தோறும் மாறும் படிவு வேண்டும், புழு அண்டாத அமைதியான அடித்தளமும் வேண்டும். கண்ணுக்குக் கோடு தெரிவதெல்லாம் வருஷம் ஆகாது.

எண்ணத் தகுந்த ஏரியிலும் கவனம் தப்பலாம். ஜப்பானின் சுய்கெட்சு ஏரியில் மேல் 45 மீட்டர் சேற்றில் ஏறத்தாழ 70,000 வருஷம் அடங்கியிருக்கிறது. பெரும்பகுதி மெல்லிய வருஷ அடுக்குகள். 1993-இல் அங்கே ஒரே துளையிலிருந்து கோர் எடுத்தார்கள். குழாய்க்குக் குழாய் இணைகிற இடங்களில் கொஞ்சம் கொஞ்சம் சேறு விடுபட்டுப்போனது. அதனால் எண்ணிக்கை குறைந்தது, ஆழத்துக்குப் போகப் போக வயதும் பிசகியது. 2006-இல் திரும்பிப் போனவர்கள் நான்கு துளைகள் போட்டு, ஒன்றின் இணைப்பு இன்னொன்றின் நடுவில் வரும்படி எடுத்தார்கள். அந்தக் கோரிலிருந்து பொறுக்கிய இலைத் துணுக்குகளின் தேதிகள் 2012-இல் வெளிவந்தன. இன்று உலகம் முழுவதும் கார்பன்-14 வயதை (உயிர் செத்தபின் சீராகத் தேய்கிற கதிரியக்கக் கார்பனில் மிச்சத்தை அளந்து சொல்லும் வயதை) நாட்காட்டி வருஷமாக மாற்றும் அட்டவணையில் அவையும் இருக்கின்றன. அதே ஏரி, அதே சேறு. எடுத்த விதம்தான் வேறு.

இனி நத்தை ஓடு.

கார்பன்-14 தேதி சரியாக இருக்க வேண்டுமானால், அந்த உயிர் தன் கார்பனைக் காற்றிலிருந்து எடுத்திருக்க வேண்டும். நிலத்துச் செடி அப்படித்தான் எடுக்கிறது. நத்தையும் பாசியும் நீர்ச்செடியும் ஏரித் தண்ணீரில் கரைந்திருப்பதை எடுத்துக்கொள்கின்றன. கார்பன்-14-இன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள்; ஏறத்தாழ 50,000 ஆண்டுகளுக்குமேல் அளக்கவே மிஞ்சாது. சுண்ணாம்புப் பாறைக்கோ கோடிக்கணக்கான வயது, அதில் கார்பன்-14 அறவே கிடையாது. அந்தப் பாறை கரைந்து கலந்த தண்ணீரில் வளர்ந்த நத்தை நேற்றுச் செத்திருந்தாலும், ஓட்டைச் சோதித்தால் பல நூறு வருஷம், சில ஏரிகளில் ஆயிரத்துக்கும் மேல் காட்டும். சூழலியலாளர் எட்வர்ட் டீவியும் அவருடைய குழுவும் 1954-லேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். எழுபது வருஷம் கழித்தும் இதைத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில் வழக்கமாக இரண்டு பதில்கள் வரும். ஒன்று, ஆய்வுக்கூடம் கொடுத்த பிழை வெறும் முப்பது வருஷம்தானே என்பது. அந்த முப்பது, கருவி அளந்ததன் பிழை மட்டும்தான். நீங்கள் கொடுத்த ஓட்டில் பழைய கார்பன் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. இரண்டாவது, இன்றைய நத்தையைச் சோதித்து அந்த அதிகப்படி வயதைக் கழித்துவிடலாம் என்பது. ஏரியின் மட்டம் மாறினால், ஊற்று நீரின் பங்கு மாறினால், அந்த அதிகப்படியும் மாறும். பருவநிலை மாறியது என்று காட்டத்தான் கோர் எடுக்கிறோம். அப்படியிருக்க, தண்ணீர் மட்டும் மாறவே இல்லை என்று எப்படி வைத்துக்கொள்வது?

மெக்சிகோவின் யுகாட்டானில் இருக்கும் சிச்சங்கனாப் ஏரியை எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. 800-க்கும் 1000-க்கும் இடையில் வறட்சி நிலவியது என்று தண்ணீர் வற்றும்போது படிகிற அதன் ஜிப்சம் அடுக்குகளை வைத்து டேவிட் ஹோடெல் குழு 1995-இல் காட்டியது. மாயா நகரங்கள் காலியான காலமும் அதுதான். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறைதான். தேதி சில நூறு வருஷம் பிசகியிருந்தால், நகரங்கள் செழிப்பாக இருந்தபோது வறட்சி வந்ததாக எழுதியிருப்போம்.

4,200 என்ற எண்ணையும் சொல்ல வேண்டும். மேகாலயாவின் மாம்லு குகையிலுள்ள சுண்ணாம்புப் படிவை அடையாளமாக வைத்து 2018-இல், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கும் மேகாலயக் காலம் என்று புவி வரலாற்றில் ஒரு காலப்பகுதியே அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து எந்தக் கோரில் எந்தச் சரிவைப் பார்த்தாலும் அந்த எண்ணுக்கு இழுத்துக் கட்டுகிறார்கள். முந்நூறு வருஷப் பிழை உள்ள கோரில் எந்தச் சரிவையும் எந்த நிகழ்வோடும் பொருத்திவிட முடியும். பொருந்துகிறது என்பதையே தேதிக்குச் சான்றாகச் சொல்வது தயவுசெய்து வேண்டாம்.

தேதி சரியாக அமைந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஸ்காட்லாந்து ஏரிகள் இருக்கின்றன. தண்ணீர் அமிலமானதற்கு ஆலைப் புகை காரணமா, மரம் நட்டது காரணமா, இயற்கையே காரணமா என்று பெரிய விவாதம். ரோஜர் ஃபிளவரும் ரிக் பாட்டர்பீயும் 1983-இல் டயாட்டங்களை எண்ணி, சீக்கிரம் சிதைந்துபோகும் கதிரியக்க ஈயமான ஈயம்-210-ஐக் கொண்டு தேதி போட்டுக் காட்டினார்கள். மரமே நடாத ஏரியிலும் 1850 வாக்கில் அமிலம் ஏறத் தொடங்கியிருந்தது. டயாட்டம் மட்டும் இருந்திருந்தால் விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்.

சரி, இனி கோர் எடுக்கப் போகிறவர்களுக்கு.

குழாயை நிமிர்த்தியே வையுங்கள். வண்டியில் படுக்கப்போட்டுக் கொண்டுவந்து, மேலே இருந்த பதினைந்து சென்டிமீட்டரைக் காணோம் என்று சொல்லாதீர்கள். போனது கடைசி நூற்றாண்டு. ஈயம்-210-உம், 1963-இன் அணுகுண்டுச் சோதனை உச்சத்தைக் காட்டும் சீசியம்-137-உம் அங்கேதான் இருக்கும். ஒரே துளையோடு திரும்பி வராதீர்கள். பக்கத்தில் அரை மீட்டர் ஏற்றி இறக்கி இன்னொன்று எடுங்கள். மேல் எது கீழ் எது என்று குழாயிலேயே எழுதுங்கள், மூடியில் மட்டும் எழுதினால் மூடி மாறிவிடும். குழாயைப் பிளந்தவுடன் தகட்டால் குறுக்காக வழியுங்கள். நெடுக்காக இழுத்தால் மேல் சேறு கீழே அப்பிக்கொள்ளும். அந்த நிமிஷமே படம் எடுங்கள். கருகருவென்று இருக்கும் சல்ஃபைடு அடுக்குகள் காற்றுப் பட்டதும் சில மணி நேரத்தில் பழுப்பாகிவிடும், அப்புறம் அடுக்கைத் தேட வேண்டியதுதான்.

தேதிக்கு நிலத்துச் செடியின் துணுக்கு வேண்டும். சேற்றைச் சல்லடையில் மெதுவாகக் கழுவி, மிஞ்சியதைத் தட்டில் தண்ணீரோடு பரப்பி, நுண்ணோக்கிக்கு அடியில் மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். நரம்பு தெரிகிற ஓர் இலைத் துண்டு, ஒரு விதை, ஒரு மொட்டுச் செதில். சில மில்லிகிராம் போதும். கிடைத்ததை உடனே காயவையுங்கள். ஈரத்தோடு மாதக்கணக்கில் குளிர்பெட்டியில் போட்டுவைத்தால் பூஞ்சை பிடிக்கும், அது இன்றைய கார்பனைச் சேர்த்து வயதைக் குறைத்துக் காட்டும். தேதியில் சொல்லப்படும் 'முன்பு' என்பது 1950-க்கு முன்பு என்பதையும் எழுதும்போது மறக்காதீர்கள். பணம் போதாதென்றால் ஓர் அளவீட்டைக் குறைத்துக்கொண்டு, அந்தப் பணத்தில் இன்னும் நாலு தேதி எடுங்கள்.

அந்த இளைஞரிடம் கோரின் மறுபாதி இருக்கிறதா என்று கேட்டேன். நல்ல வேளையாகத் தூக்கிப் போடவில்லை, 4 டிகிரி குளிரறையில் இருந்தது. மகரந்தம் குறைகிற ஆழத்துக்கு மேலும் கீழும் ஒவ்வொரு சென்டிமீட்டராகக் கழுவச் சொன்னேன். இரண்டு விதைகளும் நகத்தளவு இலைத் துண்டு ஒன்றும் கிடைத்ததாக நேற்றுப் படம் அனுப்பினார். நிலத்துச் செடிதானா என்று உறுதி செய்ததும் சோதனைக்கு அனுப்புகிறோம். அதுவரை அறிக்கையிலிருந்து அந்த 4,200-ஐ எடுத்துவிடச் சம்மதித்திருக்கிறார்.